ஹெரால்டின் பிரேக்கும் அவயவி வாதமும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சென்னையில் பிறந்த கார். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் வண்டலூர்த் தொழிற்சாலையில் அதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. நான்கு கதவு ஹெரால்டு மட்டும் இந்தியாவுக்கே உரியது, இங்கிலாந்தில் அப்படியொன்று விற்கப்பட்டதில்லை. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் அதைக் காப்பாற்றி ஓட்டுபவர்கள் எதிர்கொள்ளும் முதல் கேள்வி முன்சக்கர பிரேக்கைப் பற்றியது. வண்டியோடு வந்த டிரம்மை வைத்துக்கொள்வதா, வேறொரு காரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் போடுவதா என்பதே அது. பட்டறையில் இது ஓரிரு நாள் வேலை. தத்துவத்தில் இது ஈராயிரம் ஆண்டு வழக்கு: உறுப்பு மாறிய பிறகும் முழுப்பொருள் அதே பொருள்தானா?

வழக்கைப் புரிந்துகொள்ள வேலையை முதலில் பார்க்க வேண்டும். சுமார் 800 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 1,11,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. வேகம் 80 ஆனால் அது 1,97,000 ஜூல். நிறுத்துவது என்றால் இவ்வளவையும் வெப்பமாக்குவது என்று பொருள். டிரம் பிரேக்கில் அந்த வெப்பம் மூடிய வார்ப்பிரும்புக் கிண்ணத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலக, பெடல் இன்னும் கீழே போகிறது. லைனிங்கின் பிடிமானமும் குறைகிறது. ஒரே ஒரு தரம் நிறுத்தும்போது இது தெரியாது. மேம்பாலத்திலிருந்து இறங்கி, சிக்னல், பேருந்து, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ என்று அடுத்தடுத்து மிதிக்கும்போதுதான் தெரியும். சென்னைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தியாகராய நகரின் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் நீரில் ஊர்ந்து வெளியே வந்த டிரம் வண்டிக்கு முதல் சில மிதியில் பிரேக் பிடிக்காது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சூட்டையும் நீரையும் சீக்கிரம் உதறிவிடுகிறது.

இங்கிலாந்தில் இதற்கு எளிய வழி உண்டு. 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன் அமைப்பையே பகிர்ந்துகொண்ட கார், முன்சக்கரங்களில் டிஸ்க்கோடு வந்தது. அதன் ஹப், டிஸ்க், காலிப்பர், அதைத் தாங்கும் பட்டை எல்லாம் ஹெரால்டில் வெட்டாமல் ஒட்டாமல் போல்ட்டில் உட்காரும். ஒரே குடும்பத்து உறுப்பு. சென்னையில் அந்தச் சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளூர்க் காரின் டிஸ்க்கையும் காலிப்பரையும் புதுப்பேட்டையிலோ ஏதாவது காயலான் கடையிலோ பிடித்து, லேத்தில் ஹப்பைக் கடைந்து, தடித்த இரும்புத் தகட்டில் பிராக்கெட் வெட்டிப் பொருத்த வேண்டும். இரண்டாவது வழி மலிவு. ஆனால் அந்த பிராக்கெட்டைச் செய்தவருடைய கணக்கின் மேல்தான் வண்டியில் இருப்பவர்களின் உயிர் நிற்கிறது. முன்பக்க பிரேக்தான் வண்டியின் பெரும்பங்கு சுமையைத் தாங்குகிறது. மிதித்தவுடன் எடை முன்னால் சாய்வதே அதற்குக் காரணம்.

உறுப்பு மாற்றினால் அதோடு வேலை முடிவதில்லை. டிரம் பிரேக்கில் சக்கரம் சுழலும் விசையே ஷூவை இழுத்து இன்னும் இறுக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. அதே நிறுத்தத்துக்குக் காலில் அதிக அழுத்தம் வேண்டும், அல்லது வாக்குவம் சர்வோ வேண்டும். காலிப்பரின் பிஸ்டன் பெரியது என்றால் பிரேக் ஆயிலும் கூடுதலாக வேண்டும், பெடல் நீளமாகப் போகும். அதைச் சரிக்கட்ட மாஸ்டர் சிலிண்டரின் துளையைப் பெரிதாக்கினால் மறுபடியும் மிதி கனக்கும். டிரம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு சில மாஸ்டர் சிலிண்டர்களில் உண்டு. அதை எடுக்காமல் விட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஹப்பில் டிஸ்க்கை இறுக்கி டயல் கேஜை அதன் முகத்தில் வைத்துக் கையால் மெல்லச் சுற்றும்போது முள் சற்றே அதிகம் ஆடினாலும் பேரிங்கையும் உட்காரும் முகத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் பிறகு பெடலில் உதறலாக வரும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடி மூட்டான வெண்கல டிரன்னியனுக்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும் என்பதை மறந்த ஹெரால்டுகளில் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கியிருக்கிறது. புது டிஸ்க் போட்டும் அது பழையபடி இருந்தால் பயனில்லை. ஆக, ஓர் உறுப்பைத் தொட்டால் நான்கைந்து உறுப்புகள் பேசுகின்றன. தத்துவக் கேள்வி தொடங்கும் இடமும் இதுதான்.

அரசாங்கத்தின் விடை சுருக்கமானது. வண்டியின் அடையாளம் சேசிஸ் எண்ணிலும் என்ஜின் எண்ணிலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றத்தையே அது மாற்றம் என்று கணக்கில் கொள்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் உருவில் பேணப்பட்ட, பெரிய மாற்றத்துக்கு உள்ளாகாத வண்டிகளுக்குத் தனிவரிசையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு பதிவெண் தருகின்றன. எது அடிப்படை, எது பெரியது என்பதற்குச் சட்டம் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. நிர்வாகத்துக்கு அது போதும்.

பௌத்தர்களின் விடை இன்னும் சுருக்கமானது, ஆனால் கூர்மையானது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாகல நகரிலிருந்து ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டர், பாலி நூலில் மிலிந்தன் ஆகிறான். அவன் ஏறிவந்த தேரைக் காட்டித் துறவி நாகசேனர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, கடிவாளம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்த குவியலா? அதுவும் இல்லை. இவற்றையெல்லாம் விட்டு வேறாக ஒன்றா? அதுவும் இல்லை. அப்படியானால் தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே. இந்தப் பட்டியலில் பிரேக் கிடையாது. குதிரை பூட்டிய வாகனத்தில் அந்த வேலையைக் கடிவாளம் பார்த்தது. தமிழிலும் இந்த விவாதச் சூழல் புதிதல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் வைசேடிகர் முதலான சமயவாதிகளைக் கேட்டுவிட்டு, காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அளவை நூலைக் கற்கிறாள். நாகசேனர் வழியில் பார்த்தால் டிஸ்க் போட்ட ஹெரால்டு அதே வண்டியா என்ற கேள்விக்கே இடமில்லை. ‘அதே வண்டி’ என்று சொல்ல முன்பும் ஒன்று இருந்ததில்லை. வாதத்தில் இதை மடக்குவது கடினம். ஆனால் பிரேக் பெடலில் கால் வைத்திருப்பவருக்கு இது எதையும் சொல்வதில்லை.

நியாய வைசேடிகர்கள் நேர் எதிர்ப்பக்கம். அவர்களுக்கு அவயவம் என்னும் உறுப்பு வேறு, அவயவி என்னும் முழுப்பொருள் வேறு. நூல்களில் துணி சமவாயம் என்ற பிரியா உறவில் தங்குகிறது. துணி நூல்களின் கூட்டமல்ல, தனிப்பொருள். இதை ஏற்றுக்கொண்டால் ஒரு கடுமையான முடிவையும் ஏற்க வேண்டும். ஒரு நூலை உருவினால் அந்த நூலில் தங்கியிருந்த துணி அழிந்துவிடுகிறது. மீதி நூல்களில் இன்னொரு துணி அக்கணமே பிறக்கிறது. அதையே நாம் ‘அதே துணி’ என்கிறோம். ஒத்த தோற்றத்தால் வரும் மயக்கம் அது. இந்தக் கணக்கில் டிரம்மைக் கழற்றிய கணத்தில் ஒரு ஹெரால்டு இறந்து, ஜாக்கியின் மேல் டிரம் இல்லாத ஹெரால்டு ஒன்று பிறந்து, டிஸ்க் ஏறியதும் அதுவும் போய் மூன்றாவது ஒன்று வந்திருக்க வேண்டும். ஒரு பிற்பகலில் ஒரு பட்டறையில் எத்தனை ஜனனம், எத்தனை மரணம்! எதிர்த்தரப்பு இதைக் கேலி செய்யத் தவறவில்லை.

கேலியை ஒதுக்கிவிட்டு, முழுப்பொருள் உண்டு என்பதற்கு அவர்கள் தரும் சான்றைப் பார்த்தால் அது நேராக பிரேக்கிடம் கொண்டுவந்து விடுகிறது. நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் தாரணம், ஆகர்ஷணம் என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்தால் முழுவதும் பிடிபடுகிறது; ஒரு பகுதியை இழுத்தால் முழுவதும் வருகிறது. மணல் குவியலில் ஒரு பிடியைப் பற்றினால் குவியல் நிற்காது. உறுப்புகளுக்கு மேல் ஒன்று இருப்பதால்தான் இது நடக்கிறது என்பது வாதம். பிரேக் செய்வது அட்சரம் பிசகாமல் இதைத்தான். டிஸ்க்கின் விளிம்பருகே உள்ளங்கை அளவுகூட இல்லாத இரண்டு பேட்கள் இரண்டு பக்கமும் கவ்வுகின்றன. கவ்விய இடம் அவ்வளவே, நின்றது 800 கிலோவுக்கும் மேல்: என்ஜின், இருக்கை, உள்ளே உட்கார்ந்திருக்கும் பாட்டி, டிக்கியில் இருக்கும் தேங்காய்மூட்டை எல்லாமாக. சூத்திரகாரர் கௌதமர் காலத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைத்திருக்காது.

ஆனால் நியாய மரபு தன் சான்றைத் தானே சோதித்துப் பார்க்கும் மரபு. சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனரே இந்தக் காரணத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டுகிறார். அரக்கால் ஒட்டிய புல்லையும் கல்லையும் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் வருகிறது. அதற்காக அங்கே ஒரு புதிய முழுப்பொருள் இருப்பதாக யாரும் சொல்வதில்லை. சேர்ந்து வருவதற்குக் காரணம் சங்கிரகம் என்கிற பிணைப்பு. லேத்தில் பிராக்கெட் கடைந்தவருக்கு இந்த மறுப்பு உடனே விளங்கும். காலிப்பரைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடித்து வைத்திருக்கும் இரண்டு போல்ட்டும் தளர்ந்தால், எந்த அவயவியும் வந்து காப்பாற்றாது. சேர்ந்திருப்பது தானாக வந்த நிலை அல்ல. யாரோ இறுக்கிய இறுக்கம். வேறு வண்டியின் உறுப்பு இந்த வண்டியின் உறுப்பாகிறதா என்பதற்கு வாத்ஸ்யாயனர் வழியில் கிடைக்கும் அளவுகோல் இதுதான்: அது எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதைப் பிடித்தால் முழுவதும் நிற்கும்படி பிணைக்கப்பட்டிருக்கிறதா என்பது. பிராக்கெட் வளைந்து, ஒரு சக்கரம் மட்டும் முந்திப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்த டிஸ்க் இன்னும் விருந்தாளிதான், அது என்ன விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும்.

அரக்கு மயிலாப்பூரில் வேறொரு இடத்திலும் வருகிறது. ஆகமக் கோயில்களில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனத்தின் எட்டுப் பொருள்களில் கொம்பரக்கும் ஒன்று. காலப்போக்கில் அது காய்ந்து வெடிக்கும், மறுபடி இடித்துச் சாத்த வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் செய்யும் வழக்கத்தின் உள்ளே இருப்பது ஒரு பராமரிப்புக் கால அட்டவணை. கபாலீசுவரர் கோயிலில் கடைசியாக 2016 ஏப்ரல் 3-இல் குடமுழுக்கு நடந்தது. உறுப்பு மாற்றும்போது முழுமை எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஆகமம் செயல்முறையாகவே விடை வைத்திருக்கிறது. வேலை தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கும்ப நீருக்கு மாற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசை தொடர்கிறார்கள். பிறகு கொத்தனாரும் ஸ்தபதியும் உளியை எடுக்கலாம், சுதைச் சிற்பத்தைப் பெயர்க்கலாம், கல்லை மாற்றலாம். முடிந்ததும் சக்தி திரும்ப ஏற்றப்படுகிறது. முழுமைக்கு இடைக்காலத்தில் ஓர் இருப்பிடம் கொடுத்துவிட்டதால், நியாயக்காரர்களுக்கு வந்த ஜனன மரணச் சங்கடம் இங்கே வருவதில்லை.

இந்தக் கோயிலே அந்த விடைக்கு ஒரு கடுஞ்சோதனை. கடலோரம் இருந்த பழைய கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது. இப்போதுள்ளது பின்னாளில் உள்தள்ளி வேறிடத்தில் எழுந்தது. கிழக்கு ராஜகோபுரம் 1906-ஐச் சேர்ந்தது. கல் மாறி, இடமும் மாறிய பின்பும், சம்பந்தர் பாடிய தலம் இதுவா என்று பங்குனிப் பெருவிழாக் கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. பூசையும் பெயரும் விழாவும் அறாமல் வந்ததே போதும் என்பது அவர்களின் நிலை. காருக்குக் கலாகர்ஷணம் இல்லை, அது சடப்பொருள். ஆனாலும் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டும் இரண்டு நாளில் ‘வண்டி பட்டறையில் இருக்கிறது’ என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள், ‘வண்டி இல்லை’ என்று சொல்வதில்லை. அந்த இடைக்காலத்தில் வண்டியின் ஒருமையைச் சுமப்பது உரிமையாளரின் நோக்கமும் ஆர்.சி. புத்தகமும்தான்.

அதே தலத்தில் இன்னும் சிக்கலான ஒரு வழக்கு இருக்கிறது. பெரியபுராணத்தின்படி, சிவநேசர் என்ற மயிலை வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். அவர் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் காத்துவைத்தார். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, குடம் உடைந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் வெளிவந்தாள். உறுப்புகள் அசல், வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. ஆனால் அவளை மணந்துகொள்ளும்படி சிவநேசர் வேண்டியபோது சம்பந்தர் மறுத்தார். நீர் பெற்ற பெண் விடத்தால் இறந்துவிட்டாள், இவள் இறையருளால் என்வழி மீண்டும் உருவானவள் என்பது அவர் சொன்ன காரணம். சிவநேசரோ அவளைத் தன் மகளாகவே வீட்டுக்கு அழைத்துப்போனார். பழைய பொருளாலேயே ஆன ஒன்று புதிது என்று சம்பந்தர் கண்டார். தொடர்ச்சி அறுந்தும் அவள் தன் மகளே என்று தந்தை கண்டார். சேக்கிழார் இரண்டு பேரையும் தவறென்று சொல்லவில்லை. கேட்பவருக்கு என்ன கடமை இருக்கிறதோ அதைப் பொறுத்து ‘அதே’ என்பதன் விடையும் மாறுகிறது. பழங்கார் கண்காட்சியில் மதிப்பெண் போடுபவர் அசல் டிரம்மைத் தேடுவதும், பேத்தியைப் பள்ளியிலிருந்து அதே காரில் அழைத்துவரும் தாத்தா டிஸ்க்கை விரும்புவதும் இப்படித்தான்.

மயிலாப்பூரின் வைணவப் பக்கம், பேயாழ்வார் அவதரித்ததாகப் போற்றப்படும் ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம், கேள்வியையே திருப்பிப் போடுகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் உடல் என்பதற்குத் தரும் இலக்கணத்தில் உறுப்புகளைப் பற்றிய பேச்சே இல்லை. ஓர் அறிவுடைய உயிர் தன் பயனுக்காக எப்போதும் முழுக்கத் தாங்கவும் நியமிக்கவும் வல்ல பொருள், அதற்கே அடங்கி இருக்கும் பொருள், அதன் உடல். நியமனம் என்கிற கட்டுப்பாடுதான் இங்கே மையம். இந்த இலக்கணத்தைக் காருக்கு முழுதாகப் பொருத்த முடியாது. உடல் உயிரை விட்டுப் பிரிந்து நிற்காது. கார் ஓட்டுநர் இறங்கிய பின்னும் தெருவோரம் நிற்கும். ஆனால் ஓடும்போது கார் ஓட்டுநரின் உடலுக்கு நெருங்கி வருவதை மறுப்பதற்கில்லை. அப்படி வருவது அவர் நினைத்த இடத்தில் அது நிற்கும் அளவுக்குத்தான். சூடேறிப் பிடிப்பிழந்த டிரம்மோடு கச்சேரி சாலையில் போகும் ஹெரால்டின் உறுப்புகள் அனைத்தும் அசலாக இருக்கலாம். ஓட்டுபவருக்கு அது அடங்கவில்லை. எங்கிருந்தோ வந்த டிஸ்க் அதை அவருக்கு அடக்கித் தருகிறது என்றால், வண்டி முன்பைவிடக் கூடுதலாக அவருடையது ஆகிறது.

அசலைக் காப்பது நல்ல நோக்கம். தொழிற்சாலை மூடிவிட்டது, இனி ஹெரால்டு பிறக்கப் போவதில்லை. பெயின்ட், டாஷ்போர்டு மரம், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் அசலைப் பிடிவாதமாக வைத்துக்கொள்ளலாம். ஏதாவது கெட்டால் நஷ்டம் உரிமையாளருக்கு மட்டும். பிரேக் அப்படியல்ல. அது தவறினால் விலை கொடுப்பவர் முன்னால் சைக்கிளில் போகும், இந்த விவாதத்தைக் கேட்டே இராத ஒருவர். உயிருக்குத் தீங்கு செய்யாமை பெரும்பாலான இந்திய மரபுகள் ஒப்புக்கொண்ட ஒன்று. ஆகவே மற்ற உறுப்புகளில் சரிக்குச் சரி நிற்கும் வாதம் முன்சக்கரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. டிரம்மை வைத்துக்கொள்ள விரும்புபவருக்கும் வழி உண்டு: புது லைனிங், புது சிலிண்டர், புது பிரேக் ஆயில், கூடவே 1961-இன் வேகம். இன்றைய சர்தார் படேல் சாலை அந்த வேகத்துக்கு இடம் கொடுக்குமா என்பது வேறு விஷயம்.

கழற்றிய டிரம்முக்கு என்ன ஆகிறது? மேற்கில் இதே வழக்கு தீசியசின் கப்பலாக வருகிறது. ஏதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிக் காத்த கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதினார். ஆங்கிலேயத் தத்துவர் தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் அதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? கவனமுள்ள உரிமையாளர்கள் டிரம், பின்தகடு, ஷூ எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வைக்கிறார்கள். போல்ட்டில் ஏறிய டிஸ்க் என்றால் வேண்டும்போது திரும்ப டிரம்முக்குப் போகலாம். வெட்டி ஒட்டியது என்றால் போக முடியாது. ஸ்பிட்ஃபயர் உறுப்புக்கும் லேத்தில் செய்த பிராக்கெட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். எந்த உறுப்பு, எந்த வண்டியிலிருந்து, எப்போது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டால் ஹாப்ஸின் முடிச்சு பாதி அவிழ்ந்துவிடும். மீதிப் பாதி வண்டியை அடுத்து வாங்குபவர் பாடு.

டிஸ்க்கைக் கொடுத்த வண்டியின் கதையும் இருக்கிறது. எவ்வளவு உறுப்பு கழன்றால் ஒரு கார் காராக இல்லாமல் போகிறது என்பதற்கு நியாயத்தில் விடை முதல் போல்ட்டிலேயே வந்துவிடும். பௌத்தத்தில் வரவே வராது. சட்டம் நடுவில் நிற்கிறது: ஓட்டவே முடியாதபடி அழிந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. அப்படிப் பதிவு ரத்தாகி, சேசிஸ் வெட்டப்பட்டு, எடைக்குப் போன பிறகும் அதன் காலிப்பர் மயிலாப்பூரில் இன்னொரு சேசிஸ் எண்ணின் கீழ் தினமும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலிப்பருக்கு வார்ப்பில் விழுந்த எண்ணைத் தவிரத் தனிப்பதிவு எதுவும் கிடையாது.